ஒரு நேரத்தில் ஒரு கணக்கு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு படிக்கிறான். கைப்பேசியில் விளையாடும்போது ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கிறான். பத்துக் கழித்தல் கணக்குப் போடச் சொன்னால் இரண்டு மணி நேரம் ஆகிறது. அப்படி முடித்த வீட்டுப்பாட நோட்டையும் மறுநாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறான். வாரத்துக்கு இரண்டு பென்சில், ஒரு ரப்பர் தொலைகிறது. நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக என் மாமியார் சொல்கிறார். அடித்தும் பார்த்துவிட்டேன், அடித்த அன்று இரவு எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை. என்ன செய்வது? – ஒரு தாய், குடியாத்தம்.

பதில்: அம்மா, செல்லத்தால் இது வருவதில்லை. இதை உங்கள் மாமியாரிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கைப்பேசி விளையாட்டு ஒவ்வொரு நொடியும் ஒரு சத்தத்தையோ வெற்றியையோ பிள்ளைக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கழித்தல் கணக்கு எதையும் உடனே கொடுப்பதில்லை. உங்கள் மகனிடம் கவனம் இருக்கிறது, அதைத் தான் நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்கும் திறன்தான் இன்னும் கைவரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் (ஏ.டி.எச்.டி. என்பார்கள்) உள்ள பிள்ளைகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, மற்றப் பிள்ளைகளுடையதைப் போலவே வரிசையாக வளர்ந்தாலும், ஏறத்தாழ 3 ஆண்டு பிந்தி முதிர்வதாகவும், திட்டமிடுவதற்கு உதவும் முன்பகுதியில்தான் அந்தத் தாமதம் அதிகமென்றும் கண்டார்கள். பையை அடுக்குவது, நேரம் பார்ப்பது போன்றவற்றில் இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தன் வயதுக்குச் சிறியவர்களுக்குச் செய்து தரும் உதவி தேவைப்படுகிறது.

உங்கள் மகனுக்கு இருப்பது இந்தக் கவனக்குறைவுதானா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது, குறைந்தது 6 மாதமாவது தொடர்ந்து தெரிய வேண்டும். கண் பார்வை, காது, தூக்கம், எழுத்தையோ எண்ணையோ கற்பதில் தனியான குறைபாடு ஆகியவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். வேலூரில் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தையோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ நீங்கள் அணுகலாம். போகும்போது பள்ளி டைரியையும் இரண்டு மூன்று நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அவை அதிகம் சொல்லும்.

அதுவரை காத்திருக்காமல் வீட்டில் தொடங்கக்கூடியவை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவனின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டின் ஒரே பக்கத்தில் எட்டுக் கணக்குகள் இருந்தன. முதல் கணக்கில் கடன் வாங்கும் இடம் வந்ததும் பார்வை நான்காம் கணக்குக்குத் தாவியது. பிறகு ரப்பரைக் கிள்ளினான். பிறகு வாசலில் போன ஆட்டோவைப் பார்த்தான். ஒரு பழைய காலண்டர் தாளை மடித்து, ஒரு கணக்கு மட்டும் தெரியும்படி மற்றவற்றை மூடினேன். அதைப் போட்டு முடித்துவிட்டு, "அடுத்ததைக் காட்டுங்க டீச்சர்" என்று அவனே தாளை நகர்த்தினான். எட்டும் முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அவனுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. எட்டுக் கணக்கும் ஒரே நேரத்தில் கண்முன் நின்றதுதான் அவனைத் தடுத்தது.

மாலையில் பள்ளி விட்டு வந்தவுடன் புத்தகத்தைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். முதலில் சுண்டலோ அடையோ கொடுத்து, அரை மணி நேரம் தெருவில் ஓடி விளையாட விடுங்கள். படிக்காததற்குத் தண்டனையாக விளையாட்டை நிறுத்துவதுதான் பெற்றோர் செய்யும் தவறுகளிலேயே பெரியது என்பேன். பிறகு தினமும் ஒரே இடத்தில், தறிச் சத்தமோ தொலைக்காட்சியோ இல்லாத மூலையில், பத்து நிமிடம் படிப்பு, மூன்று நிமிடம் எழுந்து நடப்பது என்று கடிகாரத்தை எதிரில் வைத்து நடத்துங்கள். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் ஷீட் போட்ட வீடுகள் இரவு எட்டு மணிக்கும் தகிக்கும். அந்த மாதங்களில் கடினமான பாடத்தைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் தூக்கத்தைக் குறைத்து எழுப்பக் கூடாது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

நோட்டு மறப்பதற்குத் திட்டிப் பயனில்லை. நோட்டு, டைரி, டிஃபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் என நான்கு படங்களை அவனையே வரையச் சொல்லி, வாசற்கதவில் அவன் கண்ணுயரத்தில் ஒட்டுங்கள். இரவே பை அடுக்கி முடித்து, அவன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அடுப்படியிலிருந்து ஒரே மூச்சில் நான்கு வேலை சொல்லாமல், அருகில் போய்த் தோளைத் தொட்டு ஒன்றை மட்டும் சொல்லி, அதை அவன் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள். செய்தவுடன், "நோட்டை நீயே பையில வச்சுட்டியே" என்று செய்த காரியத்தைச் சொல்லியே பாராட்டுங்கள். முழு ஆண்டுத் தேர்வில் முதல் ரேங்க் எடுத்தால் சைக்கிள் என்பது அவனுக்கு எட்டாத தூரம். இன்று பை அடுக்கினால் இன்று இரவு அப்பாவுடன் ஓர் ஆட்டம் கேரம் என்பது எட்டும்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சேட்டை எதுவும் செய்வதில்லை; ஆனால் வகுப்பில் கனவு காண்பதாகவும் சோம்பேறி என்றும் சொல்கிறார்கள். – ஒரு தந்தை, வாலாஜாபேட்டை.

பதில்: ஓடியாடாத கவனக்குறைவும் உண்டு, பெண் பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. சோம்பேறி என்ற சொல்லை வீட்டில் யாரும் இனிப் பயன்படுத்த வேண்டாம். படித்த பத்தியை மூடிவிட்டு உங்களுக்கே பாடம் நடத்தச் சொல்லுங்கள். மறுபடி மறுபடி வாசிப்பதைவிட அது நன்றாக மனதில் நிற்கும். தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்தப் பாடம் எந்த நாளில் என்று சுவர்க் காலண்டரில் அவள் கையாலேயே எழுதட்டும். பரிசோதனையில் கற்றல் குறைபாடும் தெரிந்தால் சான்றிதழ் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் உள்ளடக்கியிருப்பதால், பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வழியுண்டு.

கேள்வி: பேரனுக்கு 8 வயது. கவனக்குறைவுக்காக மருத்துவர் மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை எழுதியிருக்கிறார். அதற்கு அவன் அடிமையாகிவிடுவானோ? – ஒரு தாத்தா, ஆம்பூர்.

பதில்: ஐயா, மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழியாகக் கொடுத்துவரும்போது பொதுவாக அப்படி ஆவதில்லை. 6 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் முதலில் தொடங்குவார்கள். உங்கள் பேரனுக்கு மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்தே தேவைப்படலாம். மாத்திரை பசியைக் குறைக்கும், பிந்திக் கொடுத்தால் தூக்கத்தையும் கெடுக்கும். காலையில் வயிறார இட்லி சாப்பிட வைத்துவிட்டுக் கொடுப்பது நல்லது. எடையையும் உயரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைத்து ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மதியச் சோறு மீந்து வந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.