குறட்டைக்கு நடுவே நிற்கும் மூச்சு

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. விடியற்காலையில் கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரிக்கு மீன் ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். இரவில் பலத்த குறட்டை. நடுவில் மூச்சு நின்றுபோய், பிறகு திணறிக்கொண்டு இழுக்கிறார். மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் குறையவில்லை. வண்டி ஓட்டும்போதே கண் அசந்துவிடுவதாகவும் சொல்கிறார். தூக்கப் பரிசோதனை செய்து, தேவையானால் சி-பாப் கருவி (தூங்கும்போது முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தி, காற்று வழி அடைபடாமல் காப்பது) பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். அந்தக் கருவி மாரடைப்பைத் தடுக்காது என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டது, பணம்தான் வீண் என்கிறான் நாத்தனார் மகன். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் நாத்தனார் மகன் இல்லாததைச் சொல்லவில்லை. 2016-இல் வெளியான 'சேவ்' ஆய்வைப் பற்றித்தான் அவர் படித்திருக்க வேண்டும். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்து, ஸ்லீப் ஆப்னியாவும் (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் நோய்) இருந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் சி-பாப் கொடுத்துச் சில ஆண்டுகள் கவனித்ததில், மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அவர் படிக்காமல் விட்டது அடுத்த பக்கமாக இருக்கலாம். பகலில் மிகக் கடுமையாகத் தூங்கி வழிகிறவர்களையும், தூக்கத்தால் விபத்து நேரக்கூடியவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. வேன் ஓட்டும்போது கண் அசரும் உங்கள் கணவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆகவே அதன் முடிவை அவருக்குப் பொருத்திப் பேசுவது சரியாகாது. மேலும், கருவி பெற்றவர்கள் அதை இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான் அணிந்தார்கள். அவ்வளவு குறைவாக அணிந்தவர்களுக்கும் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று வழி அடைபடும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை திடுக்கிட்டு உடலை அரைகுறையாக எழுப்ப, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென ஏறுகின்றன. இது இரவு முழுவதும் திரும்பத் திரும்ப நடப்பதால் பகலிலும் அழுத்தம் இறங்க மறுக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மக்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கு 15 தடவையோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டவர்களுக்கு, நான்கு ஆண்டுகளில் உயர் ரத்த அழுத்தம் இருக்கும் வாய்ப்பு, மூச்சுத் தடையே இல்லாதவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. உங்கள் கணவரைப் போலவே மூன்று மருந்துகளுக்கும் அடங்காத அழுத்தம் உள்ளவர்களிடம் ஸ்பெயினில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சி-பாப் 24 மணி நேரச் சராசரி அழுத்தத்தை 3 புள்ளி அளவே குறைத்தது. அது சிறிய எண்தான். கருவி வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எனவே முதலில் பரிசோதனை நடக்கட்டும். மணிக்கு 5 தடவைக்கு மேல் மூச்சு தடைப்பட்டால் நோய் உண்டு என்றும், 30-ஐத் தாண்டினால் தீவிரம் என்றும் கொள்வார்கள். அவர் தூங்குவதைச் செல்பேசியில் சில நிமிடம் படம்பிடித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அது மிகவும் உதவும். சிகிச்சை தொடங்கித் தூக்கக் கலக்கம் தெளியும்வரை வேனை வேறொருவர் ஓட்டுவதுதான் முறை. வருமானம் போகுமே என்ற உங்கள் கவலை புரிகிறது, ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க என்னால் இயலாது.

புதுச்சேரிக்குப் போய்வரும் வண்டி என்பதால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்: இரவில் குடிக்கும் பழக்கம் உண்டா? மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்திவிடும். உடல் பருமன் இருந்தால், எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மூச்சுத் தடைகள் கணிசமாகக் குறையும். ஒருக்களித்துப் படுப்பதும் சிலருக்குப் பயன் தரும்.

கருவி தேவை என்றே முடிவானால், உடனே விலைக்கு வாங்காமல், சில வாரங்கள் வாடகைக்குக் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முகமூடி சரியாகப் பொருந்தாமல் காற்று கசிவதாலும் மூக்கு வறண்டுபோவதாலும்தான் பலர் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். இவை இரண்டும் சரிசெய்யக்கூடியவை. அவர் பேசாமல் பரண்மேல் ஏற்றிவிடுவதற்குள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.