பழைய அவுட்டர் ஜொயினில் (+), *= இரண்டும் எந்தப் பக்கம் வரும்?

இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது பொருந்தாத வரிசையையும் விடாமல் எடுப்பதுதான் அவுட்டர் ஜொயின். அதற்கு ஒரக்கிள் தரவுத்தளத்தில் (+) என்றும் பழைய எஸ்கியூஎல் சேர்வர் தரவுத்தளத்தில் *= என்றும் இருக்கிறதே, குறியை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். குழம்பாமல் இருந்தால்தான் அதிசயம். இரண்டும் நேரெதிர்.

நட்சத்திரம், முழுதாக வரவேண்டிய அட்டவணையின் பக்கம். கூட்டல் குறி, பொருந்தும் வரிசை இல்லாவிட்டால் ‘நல்’ (மதிப்பு இல்லை என்ற குறி) கொண்டு நிரப்ப வேண்டிய பக்கம். ஓடர் தராத கடையும் பட்டியலில் வரவேண்டும் என்றால்:

கடை.எண் *= ஓடர்.கடைஎண்
கடை.எண் = ஓடர்.கடைஎண் (+)

குறைகிற பக்கத்துக்குக் கூட்டிக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

சரி, குறி சரியாக விழுந்தால் வேலை முடிந்ததா? கொள்ளுப்பிட்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், புறக்கோட்டைக் கடைகளுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்காக, எந்தக் கடை அந்த மாதம் ஓடர் தரவில்லை என்று பார்க்கும் அறிக்கையை ஒரக்கிளில் எழுதினேன். ஜொயின் வரியில் (+) இருந்தது. அதற்குக் கீழே ஓடர் திகதிக்கு ஒரு நிபந்தனை; அதில் (+) போடவில்லை. ஓடர் இல்லாத கடைக்குத் திகதி ‘நல்’. அதை எதனுடன் ஒப்பிட்டாலும் ‘உண்மை’ என்று வராது. தேடிய கடைகள் மட்டும் ஒன்றுவிடாமல் மறைந்துபோயின. விற்பனையைப் பார்க்கும் அண்ணர் தாளைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, இந்த மாசம் எல்லாக் கடையும் ஓடர் தந்திட்டாங்களோ?” என்றார்.

எஸ்கியூஎல்-92 தரத்தின் லெப்ட் ஜொயினிலும் (இடப்பக்க அட்டவணை முழுதாக வரும் ஜொயின்) இதே பள்ளம் உண்டு. திகதி நிபந்தனை ‘ஒன்’ (ON, இணைக்கும் நிபந்தனை) பகுதியில் இருக்க வேண்டும். ‘வெயார்’ (WHERE, வடிகட்டும் நிபந்தனை) பகுதிக்குப் போனால் அது, பொருந்தும் வரிசைகளை மட்டும் தரும் சாதாரண இன்னர் ஜொயின்தான். ஆனாலும் எது ஜொயின், எது வடிகட்டல் என்று பார்த்தவுடன் தெரிகிறது. பழைய முறையில் எல்லாமே ‘வெயாரு’க்குள் கிடக்கும். அதனால் புதிதாக எழுதுவதை லெப்ட் ஜொயினிலேயே எழுதுங்கள். ஒரக்கிள் 9ஐ (2001) முதல் அது இருக்கிறது. எஸ்கியூஎல் சேர்வரில் *= 2005 பதிப்பிலேயே பழைய இணக்க நிலையில் (பழைய பதிப்புபோல நடக்கும் அமைப்பில்) மட்டும்தான் ஓடியது; 2012இல் அந்த வழியும் போய்விட்டது.

இரண்டு பக்கமும் முழுதாக வேண்டுமென்றால் (+) உதவாது, புல் அவுட்டர் ஜொயின்தான். மைஎஸ்கியூஎல்லில் அதுவும் இல்லை: ஒரு லெப்ட் ஜொயின், அதனுடன் இடப்பக்கத்தில் பொருத்தம் இல்லாத வலப்பக்க வரிசைகளை மட்டும் எடுக்கும் ஒரு ரைட் ஜொயின், நடுவில் இரண்டு முடிவுகளையும் ஒன்றாக அடுக்கும் யூனியன் ஓல். எஸ்கியூலைட் 3.39 (2022) வந்த பிறகு ரைட், புல் இரண்டையும் ஏற்கிறது.