புகையில்லா அடுப்புத் திட்டம்: ஆறு மாத மதிப்பீடு போதுமா?

வணக்கம். அடுப்புகள் வழங்கி ஆறு மாதமே ஆன நிலையில், விநியோக எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பீட்டறிக்கை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஒடிசாவில் பொருளியல் ஆய்வாளர்களான ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் சுமார் 2,600 குடும்பங்களில் யாருக்கு முதலில் அடுப்பு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தபோது, சமைப்பவர் உள்ளிழுக்கும் புகை முதல் ஆண்டில் குறைந்து, பின்னர் அந்தப் பயன் மறைந்துபோனது; விறகுச் செலவிலும் நுரையீரல் நலத்திலும் மாற்றம் தெரியவில்லை. அடுப்புகளை மக்கள் ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை, பராமரிக்கவும் இல்லை. முதல் ஆண்டோடு நிறுத்தியிருந்தால் அதுவும் வெற்றிக் கதையாகவே எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே, அடுத்த கட்டத்தில் அடுப்பு பெறவிருக்கும் ஊர்களை ஒப்பீட்டுக்காக இப்போதே பதிவுசெய்து, இரண்டாம் ஆண்டிலும், நாள் குறிப்பிடாமல் சமையல் நேரத்தில் சென்று, எந்த அடுப்பு எரிகிறது என்று நேரில் பாருங்கள்.