குசினிச் சண்டையா, இனவாதமா?

அன்புள்ள ஐயா,

2007இல் பிரித்தானியாவின் 'செலிபிரிட்டி பிக் பிரதர்' தொலைக்காட்சிப் போட்டி வீட்டில் இந்திய நடிகை ஷில்பா ஷெட்டி பட்ட அவமானத்தை இனவாதம் என்று எழுதியிருந்தீர்கள். அது சூப் கட்டிக்காக மூண்ட வெறும் குசினிச் சண்டை. யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பெரிதுபடுத்தலாமா? அவரோடு போட்டியிட்ட ஜேட் கூடி என்ற ஒரு பெண்ணை எல்லோரும் சேர்ந்து குதறியது மட்டும் நியாயமா?

— வாசகர், சாவகச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

சண்டை குசினியில்தான் மூண்டது. சூப் கட்டியோடு முடிந்திருந்தால் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். ஷில்பா உணவைக் கையால் தொட்டதற்கு, அந்தக் கை எங்கெல்லாம் போய்வந்ததோ என்று முகம் சுளித்தார் சக போட்டியாளர் டானியெல் லொய்ட். ஊருக்கே போய்த் தொலையட்டும் என்றும் சொன்னார். அதே வீட்டில் இருந்த ஜேடின் தாய், ஷில்பாவின் பெயரைச் சொல்லாமல் 'இந்தியன்' என்றே குறிப்பிட்டார். ஜேட் அந்தப் பெயரோடு 'பப்படம்' ஒட்டினார். உச்சரிப்பையும் பழித்தார்கள். புட்டைக் கையால் குழைத்துச் சாப்பிடுகிற எங்களுக்கு, இது யாரைப் பற்றிய பேச்சென்று விளங்காதா? எடுத்த சூப் கட்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். பிறந்த ஊரை யாரிடம் கொடுத்து மாற்றுவது?

நூலகத்தை நினைவூட்டினீர்கள். நான் 1983 ஜூலைக் கலவரத்தை நினைவூட்டுகிறேன். கொழும்பு வீதிகளில் வாகனங்களை மறித்தவர்கள், வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரைப் பிரித்தெடுத்தார்கள். நாக்குப் புரளாதவர் அடிபட்டார். 'பிக் பிரதர்' வீட்டில் யாருடைய உயிருக்கும் ஆபத்து வரவில்லை, உண்மைதான். ஆனாலும் உச்சரிப்பைப் பழிப்பது சின்ன விஷயமென்று எங்களில் ஒருவர் எழுதும்போது மனம் கொதிக்கிறது.

ஜேட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். அவர் பேசியது இனவாதம். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வறுமையில் வளர்ந்த அந்தப் பெண்ணின் அறியாமையை 2002இலேயே திரையில் காட்டிப் பார்வையாளரைச் சேர்த்தது 'பிக் பிரதர்' நிகழ்ச்சிதான். 2007இல் அவருடைய வசைகளைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி ஆக்கிய இரவு நிகழ்ச்சியை ஒளிபரப்பியவர்கள் சனல் 4 தொலைக்காட்சிக்காரர்கள். 40,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் குவிந்தன. அனுசரணை வழங்கிய நிறுவனம் விலகியது. மே மாதத்தில், ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஒஃப்கொம், சனல் 4 விதிகளை மீறியதென்று முடிவுசெய்து, அதை அவர்களுடைய திரையிலேயே அறிவிக்க வைத்தது. எங்கள் இறுதி யுத்தத்தின் கொடுமையை 2011இல் உலகுக்குக் காட்டியதும் அதே சனல் 4 தான். அந்த நன்றி எனக்கு உண்டு. அதற்காக இந்தப் பழியிலிருந்து அவர்களை விடுவிக்க முடியாது. ஜேட் மன்னிப்புக் கேட்டார். 2009 மார்ச்சில், 27 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்போது இராச்சாப்பாட்டு நேரத்தில் தமிழ் 'பிக் பாஸ்' ஓடுகிறது. அங்கே போன எங்கள் பிள்ளைகளின் தமிழை யாராவது பழித்தால் கொதிக்கிறோம். அது சரியான கோபம். ஆனால் மலையகத்து ஹட்டனிலிருந்து இங்கே சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்கு வந்த பையனிடம், அவனுடைய பேச்சைப் போலவே இழுத்துப் பேசி, தேநீர் கேட்டுச் சிரிக்கிறவர்களையும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பார்க்கிறேன். அடுத்து அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கும் உங்கள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.