பனிச்சறுக்குப் பாதையில் அந்த இரட்டைப் பள்ளங்கள் எப்படி வருகின்றன?

சென்னையில் இருந்து குளிர்கால ஒலிம்பிக் பார்க்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: கிராஸ் கன்ட்ரி எனும் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பாதையில் தெரியும் இரண்டு பள்ளங்கள் வீரர்கள் போய்ப் போய் விழுந்தவையா?

இல்லை, இயந்திரம் பதிப்பவை. சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டி அது. முன்தகடு மேடுபள்ளத்தை நிரவும். பின்னால் சுழலும் பல் உருளை, இறுகிய பனியைப் பொடியாக்கும். அதை அழுத்திய பிறகு ஓர் அச்சு பள்ளங்களைப் பதிக்கும். சறுக்குப் பலகைகளை (ஸ்கீ) நேராக முன்னும் பின்னும் நகர்த்திப் போகும் கிளாசிக் முறைக்கு மட்டும்தான் இது. பக்கவாட்டில் உந்திப் போகும் ஸ்கேட்டிங் முறைக்கு அகலமான சமதளம் போதும்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். பொடித்த பனியைச் சில மணி நேரம் தொடாமல் விட்டால், துகள்களுக்கிடையே பாலம்போல் பனி வளர்ந்து பாதை கெட்டிப்படும். நம் வீட்டு ஃப்ரீசரில் உதிரியாகப் போட்ட ஐஸ் கட்டிகள் தாமாக ஒட்டிக்கொள்வதும் இதே செயல்தான். அதனால்தான் இந்த வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது.

பனி குறைவான நாளில் ஆழமாகக் கிளறினால் மண்ணும் கல்லும் மேலே வந்து ஸ்கீயின் அடிப்பாகத்தைக் கீறிவிடும். ஈரப்பனியில் பதித்தால் இரவுக் குளிரில் வெறும் ஐஸாகிவிடும். எவ்வளவு ஆழம், எந்த நேரம் என்பதெல்லாம் ஓட்டுநரின் கைப்பக்குவம். ஸ்வீடனின் வாசலோப்பெட் பந்தயத்துக்கு 90 கி.மீ. பாதையை இப்படித் தயார்செய்ய வேண்டும்.