பாறையில் பதிந்த வண்டித்தடம்: ஆரிகன் பாதை கேள்வி பதில்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், குர்ன்சி ஊருக்குத் தெற்கே, குடியேறிகள் மேற்கே ஆரிகன் நோக்கிப் போன ஆரிகன் பாதையில், அவர்களுடைய வண்டிகளின் தடம் மணற்பாறையில் 5 அடி ஆழம் வரை அப்படியே இருக்கிறது. மாநிலப் பூங்காத் துறை காத்துவரும் இடம். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மரச்சக்கரம் பாறையை 5 அடி ஆழம் அறுக்குமா?

அறுத்திருக்கிறது. அது கருங்கல் இல்லை, மணற்பாறை. விரல் நகத்தால் சுரண்டினாலே மணல் உதிரும். சக்கரத்துக்கோ இரும்புப் பட்டை. சமவெளியில் முன்வண்டியின் புழுதியைத் தின்ன முடியாமல் வண்டிகள் அகலமாகப் பரவிப் போகும். இங்கே நார்த் பிளாட் ஆற்றங்கரை ஓரமாகப் போக வழியில்லை, மேட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். அதனால் எல்லா வண்டியும் ஒரே இடுக்கில். 1841 முதல் 1869 வரை லட்சக்கணக்கானவர்கள் மேற்கே போனார்கள். சக்கரம் உரசியது, மாட்டுக் குளம்பு பொடியாக்கியது. உள்ளே இறங்கி நின்றால் பாறைச்சுவர் என் நெஞ்சு வரை வருகிறது.

குதிரை வண்டிகள்தானே?

பெரும்பாலும் காளைகள்.

சினிமாவில் எல்லாம் குதிரைதானே?

சினிமாவை விடுங்கள். காளை விலை குறைவு, வழியில் கிடைக்கும் புல்லைத் தின்றே இழுக்கும். வண்டிக்காரர் மேலே உட்காரவில்லை, கடிவாளமும் இல்லை. மாட்டுக்கு இடப்பக்கமாக நடந்தபடி குரலாலும் சாட்டையாலும் ஓட்டினார். மற்றவர்களும் பெரும்பாலும் நடைதான். வண்டிக்குள் மாவும் பன்றி இறைச்சியும் சாமானும்.

மாடு அவ்வளவு தூரம் தாங்காது. எங்கள் வீட்டில் வண்டிமாடு இருந்தது, எனக்குத் தெரியும்.

அப்படியென்றால் லாடமும் தெரிந்திருக்கும். பிளந்த குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு துண்டு. அங்கேயும் அதேதான் அடித்தார்கள். சுமார் 2,000 மைல், நாளுக்கு 15 மைல் வீதம் நான்கைந்து மாதம். வழியில் நிறைய மாடுகள் செத்தன, அது உண்மை. ஆனாலும் போய்ச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுசேர்த்தது மாடுதான்.

கோவேறு கழுதை?

அதுவும் உண்டு. வேகம் கூடுதல், விலையும் கூடுதல். மாடா குதிரையா என்பதற்கு இதுவே கடைசிப் பதில்.

பூர்வகுடிகள் தாக்கித்தானே நிறையப் பேர் இறந்தார்கள்?

இல்லை. காலராதான் முதல் எமன். அப்புறம் சக்கரத்தடியில் விழுந்தது, ஆற்றில் போனது, துப்பாக்கி தவறி வெடித்தது.

டிக்கெட், தங்குமிடம்?

பூங்காத் துறையிடமே கேளுங்கள்.

நினைவாக நம் பெயரையும் செதுக்கலாமா?

கூடவே கூடாது. நகத்துக்கே உதிரும் பாறை என்று மேலேதான் சொன்னேன். புல்வெளியில் இருந்த தடங்களை உழவும் சாலையும் தின்றுவிட்டன, பாறையில் இருப்பதாவது மிஞ்சட்டும். கல்லைப் பெயர்த்து எடுக்காதீர்கள், தடத்தின் விளிம்பில் ஏறி நிற்காதீர்கள்.

அந்தக் காலத்தில் அவர்களே செதுக்கினார்களே?

ஆமாம், பக்கத்திலேயே உள்ள ரெஜிஸ்டர் கிளிஃப் என்ற பாறைமுகத்தில். அங்கே "ஏ. எச். அன்தேங்க்" என்ற பெயரும் 1850 என்ற ஆண்டும் இருக்கின்றன. இண்டியானாவிலிருந்து வந்த இளைஞர். செதுக்கிய சில நாட்களிலேயே, மேற்கே கிளென்ராக் அருகில், காலராவில் இறந்துபோனார். போகிறவர்கள் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். கை வைக்காமல்.