ஊற்றும் புழுவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளை ஆராய்கிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உண்மையைச் சொன்னால் எரிச்சலாக இருந்தது. அங்கே கல்லைப் புரட்டிப் புழு எண்ணுகிறார்கள். இமயமலையில் ஊற்று வற்றிப்போய்ப் பெண்கள் அடுத்த சரிவுக்குக் குடம் தூக்குகிறார்கள். புழுவைக் காப்பாற்றுவது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு இல்லையா? ஊற்றைச் சுற்றித் தொட்டி கட்டி, மூடி போட்டு, குழாய் இழுத்துவிட்டால் மாடு மிதிக்காது, தண்ணீரும் வீணாகாது. இதில் என்ன தப்பு?

சு., கோவை

அன்புள்ள சு.,

குடம்தான் முதலில். அதில் நமக்குள் சண்டை இல்லை. இந்திய இமயமலைப் பகுதியில் சுமார் 30 லட்சம் ஊற்றுகள் இருப்பதாகவும், அவற்றில் ஏறக்குறைய பாதி வற்றிக்கொண்டிருப்பதாகவும் நிதி ஆயோக்கின் 2018 அறிக்கை சொல்கிறது. அந்த ஊர்க்காரர்களிடம் போய்ப் புழுவைப் பற்றிப் பேச எனக்கும் வாய் வராது.

ஆனால் அந்தப் புழு யார் என்று பார்க்கலாம். கிரெனோபியா ஆல்பினா என்ற தட்டைப்புழு. ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், சாம்பல் நிறம், தலையில் சின்னதாக இரண்டு கொம்பு. வெளிச்சம் ஆகாது, கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வருடம் முழுக்கச் சில்லென்று இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. ஊற்றில் அது சாத்தியம், ஏனென்றால் மண்ணுக்குள்ளிருந்து வரும் தண்ணீரின் வெப்பம் கோடையிலும் குளிரிலும் அதிகம் மாறுவதில்லை. கீழே இறங்கி ஓடையாகிவிட்டால் வெயில் அதைத் தொட்டுவிடும். ஆகவே இதற்குப் பிடித்த இடம் ஊற்றுக்கண்ணை ஒட்டிய சில மீட்டர்தான். அதே சில மீட்டரில் பாசி, டயாட்டம் என்னும் நுண்பாசி, நீரில் வாழும் உண்ணி வகைகள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. நீங்கள் தொட்டி கட்டுவதும் சரியாக அங்கேதான்.

பொழுதுபோக்கா என்ற கேள்விக்கு வருகிறேன். இத்தாலியின் தென் டைரோலில் 2,682 மீட்டர் உயரத்தில் ராஸாஸ் என்று ஒரு சின்ன ஏரி. சுற்றிலும் ஊரோ ஆலையோ கிடையாது. இருபதே வருடத்தில் அந்த நீரின் மின்கடத்துத்திறன் 18 மடங்கு கூடிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் 2007இல் எழுதினார்கள். கரைந்த உப்பும் உலோகமும் கூடினால்தான் இந்த அளவு இப்படி ஏறும். நிக்கல் மட்டும் குடிநீருக்கான வரம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல். எங்கிருந்து? மேலே கற்குவியலுக்குள் பனிக்கட்டி உறைந்து கிடக்கிறது, அதைப் பாறைப் பனியாறு என்கிறார்கள். வெப்பம் கூடக்கூட அது உருகி, உலோகத்தையும் சேர்த்துக்கொண்டு இறங்குகிறது. அந்த ஏரியின் அடிச்சேற்றைத் தோண்டிப் பார்த்தபோது, கொசு மாதிரி இருக்கும் கடிக்காத பூச்சி ஒன்றின் புழுக்களுடைய வாயுறுப்புகள் கோணிப்போயிருந்தன. சேறு அடுக்கடுக்காகப் படிவதால் அது வருடவாரியான பதிவேடாகவும் இருக்கிறது. பார்வைக்குக் கண்ணாடி போன்ற தண்ணீர் அது. குழாய் இழுக்கப்போகும் பொறியாளருக்கு இது தெரிய வேண்டாமா?

உங்கள் தொட்டியில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அது தண்ணீரைப் பிடிக்கும், வரவழைக்காது. சிக்கிமில் 2008இல் ‘தாரா விகாஸ்’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தாரா என்பது அங்கே ஊற்றுக்குப் பெயர். ஊற்று இருக்கும் இடத்தில் கட்டுமானம் செய்யாமல், அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நிலவியலைப் படித்துவிட்டு, மழை ஓடிவிடாமல் மண்ணுக்குள் இறங்க, மேலே சரிவுக்குக் குறுக்கே நீளநீளமாகப் பள்ளம் வெட்டினார்கள். கூலி, நம் ஊரில் நூறு நாள் வேலை என்கிறோமே, அந்தத் திட்டத்தின் பணம். பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தண்ணீர் போகும். தெற்குச் சரிவில் கசியும் ஊற்றுக்கான மழை வடக்குச் சரிவில், அடுத்த ஊர்க்காரர் நிலத்தில் விழலாம். அப்புறம் அங்கே யார் பள்ளம் வெட்டுவது, யார் மாடு மேய்ப்பது என்ற பஞ்சாயத்து. வேலையில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

நியாயமாக உங்கள் பக்கத்துக்கும் ஒரு சாட்சி சொல்லவேண்டும். வியன்னா நகரம் 1873 முதல் ராக்ஸ், ஷ்னேபெர்க் மலை ஊற்றுகளிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் குடிக்கிறது. அந்த ஊற்றுகளைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றுக்குத் தண்ணீர் தரும் காடுகளை நகரமே தன் கையில் வைத்துப் பராமரிக்கிறது. கண்ணை மூடினாலும் மலையை விடவில்லை. நம் ஆட்கள் இதில் முதல் பாதியை மட்டும் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் என் புகார்.

சரி, என்ன செய்யலாம்? ஊற்றுக்கண்ணையும் அதை ஒட்டிய ஈரத்தையும் தொடாமல், சில மீட்டர் கீழே தொட்டியை வையுங்கள். திறந்த நீர் என்பதால் வடிகட்டியும் குளோரினும் வேண்டும், அதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. மாடு வராமல் சுற்றி வேலி. வருகிற தண்ணீர் மொத்தத்தையும் குழாய்க்குள் விடாமல் ஒரு பங்கு அதன் பாட்டுக்கு ஓடட்டும். ஒரே கண்தான், அதுவும் சொட்டுகிறது, ஊரே அதை நம்பி இருக்கிறது என்றால் மூடிக்கொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் மூடும் முன் வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது, தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி, கல்லுக்கு அடியில் என்னென்ன இருக்கின்றன என்பதை எழுதி வையுங்கள். நீங்கள் கட்டிய தொட்டிகளில் எதற்காவது இப்படிப் பழைய குறிப்பு இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.